பேர் உள்ள கல்லும் முகம் உள்ள கல்லும்

மெக்சிகோ நாட்டில் ஒஹாகா என்று ஒரு பள்ளத்தாக்கு. அதன் நடுவில் ஒரு மலை. மலை உச்சியை வெட்டிச் சமப்படுத்தி, கி.மு. 500 வாக்கில் சபோடெக் மக்கள் ஒரு நகரம் கட்டினார்கள். இப்போ அதுக்குப் பேரு மாண்ட்டே அல்பான். அங்கே ஒரு கட்டடத்தின் சுவரை ஒட்டி வரிசையாகக் கல் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு ஆள். உடம்பில் துணி கிடையாது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கோணிக்கிட்டு இருக்கும். இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட கல் கிடைத்திருக்கிறது. 1806-ல் டுப்பே என்ற ராணுவ அதிகாரி பழைய சின்னங்களைப் பார்வையிட வந்த காலத்திலிருந்து இதை வெளி உலகத்துக்குத் தெரியும். கை காலைப் பார்த்து "ஆடுறாங்க போல"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. டான்ஸாந்தேஸ், அதாவது ஆட்டக்காரர்கள் என்ற பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

நிதானமாப் பாத்தா ஆட்டமெல்லாம் இல்லை. கண் மூடியிருக்கு, வாய் திறந்திருக்கு. சில கல்லில் இடுப்புக்குக் கீழே வெட்டுப்பட்டு, ரத்தம் சுருள் சுருளா வழியுது. 1960களில் மைக்கேல் கோ என்ற ஆராய்ச்சியாளர் இது கொல்லப்பட்ட எதிரிகளின் வரிசை என்றார். (வேறு விளக்கம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சொந்த ரத்தத்தைப் படையல் வைக்கும் சடங்கு என்பது அதில் ஒன்று.) என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விஷயம். சில கல்லில் ஆளுக்குப் பக்கத்தில் ரெண்டு மூணு எழுத்து செதுக்கியிருக்கிறார்கள். அது அந்த ஆளோட பேராக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். கொன்ன ஆளுக்கும் பேர் எழுதி வச்சிருக்கான்!

இதைப் படிச்சதும் என் மண்டையில ஓடினது எங்க மாவட்டக் கல்லுதான். மெக்சிகோவுக்கும் தேனிக்கும் தொடர்பு இருக்கு, மாயன் தமிழன்தான்னு கிளம்பிடுவேனோன்னு பயப்படாதீங்க, அந்த வேலை நமக்கு வேண்டாம் :-) மாண்ட்டே அல்பான் கல்லும் வைகைக் கரைக் கல்லும் ஏறக்குறைய ஒரே நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்டவை. ரெண்டும் செத்துப்போன ஆளுக்கான கல். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா நம்ம கல்லு இன்னும் நல்லாப் புரியுது, அவ்வளவுதான்.

*

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் இருக்கிற ஊர் புலிமான்கோம்பை. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் கா. ராஜனின் வழிகாட்டுதலில் கள ஆய்வுக்கு வந்தவர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். மூன்றிலும் தமிழ்ப் பிராமி எழுத்து. பக்கத்திலேயே தாதப்பட்டியில் இன்னொரு கல். கி.மு. 4 முதல் 2ஆம் நூற்றாண்டு வரை இவற்றுக்கு வயசு சொல்கிறார்கள். அதுவரை கையில் கிடைத்திருந்த எழுத்துள்ள நடுகற்கள் பெரும்பாலும் பல்லவர் காலத்தை ஒட்டியவை. ஒரே வீச்சில் பல நூற்றாண்டு பின்னால போயிட்டோம்.

மூன்றில் ஒன்றைத் தெளிவாகப் படிக்க முடிந்திருக்கிறது. கூடல் ஊரில் நடந்த ஆகோளில் செத்துப்போன தீயன் அந்தவனின் கல் என்பது அதன் சேதி. ஆகோள் என்றால் மாடு கவர்தல். தொல்காப்பியத்தில் வெட்சித் திணையில் வருகிற அதே வார்த்தை. புலவர்கள் இலக்கணத்துக்காக உண்டாக்கின வார்த்தைன்னு நினைச்சுக்கிட்டு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணோம் இல்லையா, அது ஒரு செத்த ஆளோட கல்லுல, ஆத்தங்கரையில கெடந்திருக்கு. கூடல் ஊர் எதுங்கறதுல பேச்சு இருக்கு. மதுரைக்கும் கூடல்னு பேர் உண்டு. கம்பம் பக்கத்து ஆளுகளைக் கேட்டா ஒரே பதில்தான், "எங்க கூடலூர்தான், வேற எது?"

இந்தக் கல்லைப் பற்றி பேசுகிறவர்கள் எல்லாம் எழுத்தின் வயசைப் பற்றியே பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனா எனக்கு ஒரு சின்ன விஷயம் ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. அந்தக் கல்லுல உருவம் கிடையாது. வில் இல்லை, வாள் இல்லை, மாடு இல்லை, ஆள் இல்லை. வெறும் எழுத்துதான். சங்கப் பாடல்களில் நடுகல்லைப் பற்றி வரும் இடங்களிலும் பேரை எழுதினார்கள், அவன் செய்ததை எழுதினார்கள், மயில் பீலி சூட்டினார்கள், கள் படைத்தார்கள் என்றுதான் வருகிறது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று கல்லைத் தேடிப் பிடிப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியாகச் சொல்கிறது. அதில் உருவம் செதுக்குவதற்கென்று தனியா ஒரு படி இல்லை.

அங்கே எதிரியின் பிணத்தை நகரத்தின் நடுவில், எல்லாரும் பார்க்கிற மாதிரி செதுக்கி வைத்தான். அது ராஜாவோட வேலை, அதிகாரத்தைக் காட்டுகிற வேலை. இங்கே மாட்டுக்காகச் செத்த நம்ம ஆளுக்கு ஊர்க்காரன் கல் நட்டான். முகம் வேண்டாம்னு விட்டுட்டான், பேரை மட்டும் வெட்டினான். அப்போ அந்த ஊரில் அதைப் படிக்கிறவன் இருந்திருக்கணும். படிக்க ஆள் இல்லாத இடத்தில் எதுக்குய்யா மெனக்கெட்டு எழுத்து வெட்டணும்? கி.மு.வில் வைகைக் கரையில் மாடு மேய்க்கிற ஊரில் எழுத்து புழங்கியிருக்கு என்பது எனக்கு எந்த அரண்மனையையும் விடப் பெருசாத் தெரியுது.

*

உருவம் எப்போ வந்தது?

தமிழ்நாட்டில் நடுகல் என்றாலே முதலில் சொல்ல வேண்டியது செங்கம். இரா. நாகசாமி 1972-ல் "செங்கம் நடுகற்கள்" என்று ஒரு தொகுப்பே கொண்டு வந்தார். அந்தக் கற்களில் ரெண்டும் இருக்கும். நடுவில் வில்லோ வாளோ பிடித்த வீரன் புடைப்பாக இருப்பான், மேலே வட்டெழுத்தில் எந்த ராஜா காலம், எந்த ஊர், யாருக்காகச் செத்தான், பேர் என்ன என்கிற விவரம் இருக்கும். அதில் எனக்குப் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்திருக்கிறான். அவன் உருவத்தோடு ஒரு நாயும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பேர் கோவிவன். திருட வந்தவர்களில் ரெண்டு பேரைக் கடித்து எசமானுக்குக் காவலாக நின்றதாம். 1400 வருஷம் தாண்டி ஒரு நாயோட பேர் நமக்குத் தெரியுது. (நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா பேர் தெரியும்? எனக்குத் தெரியாது.)

நம்ம பள்ளத்தாக்கில் பேரும் உருவமும் சேர்ந்து இருக்கிற இடம் என்றால் உத்தமபாளையம்தான். ஆனா அது வீரனுக்கான இடம் இல்லை, சமணர்களின் இடம். தேனியிலிருந்து குமுளி போகிற சாலையில் சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம். ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை, கருப்பண்ணசாமி பாறை என்றால் காட்டுவார்கள். கல்வெட்டில் அந்த இடத்துக்குப் பேர் திருக்குணகிரி. பாறையின் முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். சிலர் உட்கார்ந்து, சிலர் நின்றுகொண்டு. தலைக்கு மேல் முக்குடை. பாம்பு படமெடுத்துக் குடை பிடித்தால் அது பார்சுவநாதர், இந்த அடையாளம் மட்டும் தெரிந்தால் போதும், பாதிப் பேரைக் கூட வந்தவர்களுக்கு விளக்கி அசத்தலாம்.

உருவங்களை ஒட்டி வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்ற விவரம் இருக்கிறது. அதில் ஒரு பேர் அச்சணந்தி. இந்த மனுஷன் சாதாரண ஆள் இல்லை. மதுரையைச் சுற்றி ஆனைமலை, அழகர்மலை, கீழக்குயில்குடி சமணர் மலை, பழனிப் பக்கம் ஐவர்மலை, வடக்கே வள்ளிமலை என்று போகிற இடமெல்லாம் அச்சணந்தி பேர் இருக்கு. 9ஆம், 10ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்தவர். ஊர் ஊராகப் போய், பாறை பாறையாகத் திருமேனி வெட்ட வைத்திருக்கிறார். சமணர் மலையில் ஒரு சிற்பத்தின் கீழே அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. ஒரு துறவி, எல்லாத்தையும் விட்டவர், ஆனா அவரோட அம்மா பேர் மட்டும் அவர் பேரோடு சேர்ந்து பாறையில் நிற்கிறது. அவர் அப்பா யார், எந்த ஊர், ஒண்ணும் கல்லில் கிடையாது. அம்மா பேர் இருக்கு.

உத்தமபாளையத்தில் இன்னொரு விஷயம். பாறையில் செதுக்கியது சமண உருவங்கள், பாறைக்கு இன்றைய பேர் கருப்பண்ணசாமி. சமணம் போனது, பாறை இருந்தது, கருப்பர் வந்து உட்கார்ந்தார். கீழக்குயில்குடியிலும் இதே மாதிரிதான். அங்கே பெரிய தீர்த்தங்கரர் சிற்பத்தின் நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்லப்போய், அந்த இடத்துக்கே செட்டிப்புடவு என்று பேராகிவிட்டது. இதை யாரும் அறியாமைன்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். படிக்க முடியாத எழுத்து, தெரியாத உருவம், அதை உடைக்காமல் தங்களுக்குத் தெரிந்த ஒரு பேரை வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கல் உடைக்கிறவன் கிட்டேருந்து மலையைக் காப்பாத்த சட்டத்தை விடச் சாமிதான் பல இடத்துல உதவியிருக்கு.

*

சரி, நடுகல்லுக்குத் திரும்ப வருவோம். செங்கத்தில் பேரும் முகமும் சேர்ந்து இருந்தது என்றேன். நம்ம பள்ளத்தாக்கில் வயல் வரப்பிலும், கண்மாய்க் கரையிலும், குலசாமிக் கோயிலிலும் நான் பார்த்த பிற்காலக் கற்களில் உருவம் உண்டு, எழுத்து இல்லை. புலிமான்கோம்பைக்கு அப்படியே தலைகீழ்.

இந்தக் கல்லைப் படிக்கிறதுக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை, ஆனா ஒரு பழக்கம் வேணும். காலடியில் மாடு இருந்தால் மாட்டுச் சண்டை. எதிரில் பின்னங்காலில் நிற்கிற மிருகம் இருந்து, ஆள் கையில் ஈட்டியோ கத்தியோ அதன் உடம்புக்குள் இறங்கியிருந்தால் புலிக்குத்திக் கல். (சின்னமனூர்ப் பக்கம் புலிகுத்தி என்று ஓர் ஊரே இருக்கிறது.) பக்கத்தில் ஒரு பெண் நின்றால் கூடச் செத்த மனைவி. வளையல் போட்ட கை மட்டும் தனியா நிமிர்ந்து நின்றால் அது சதிக்கல். தன் கழுத்தில் தானே கத்தி வைத்திருந்தால் நவகண்டம். மூன்று அடுக்காக இருந்தால் கீழே சண்டை, நடுவே பெண்கள் வீரனை மேலே கூட்டிப் போகிறார்கள், உச்சியில் சாமி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காமிக்ஸ் புத்தகம் மாதிரி, ஆனா கீழேருந்து மேல படிக்கணும்.

புடைப்புச் சிற்பம் என்பது ஒரு வகையில் கஞ்சத்தனமான கலை. சிலையை மாதிரி நாலு பக்கமும் செதுக்க வேண்டியதில்லை. ஆளை விட்டுவிட்டு ஆளைச் சுற்றியுள்ள கல்லை மட்டும் ஒரு விரல் கனத்துக்கு எடுத்தால் போதும். மெக்சிகோவிலும் மாயா நாட்டிலும் இரும்பு கிடையாது. கல்லைக் கொண்டுதான் கல்லைச் செதுக்கினார்கள். ஆனால் மாயாக்காரனுக்குப் பெரும்பாலும் கிடைத்தது மெத்தென்ற சுண்ணாம்புக் கல். அதில் துணியின் பூவேலை வரை கொண்டு வந்துவிட்டான். நம்ம ஆளுக்கு இரும்பு உளி இருந்தது, ஆனா கல்லு கருங்கல்லு. ஊர்க் கொத்தன் ஒருத்தன் நாலு நாளில் முடிக்க வேண்டிய வேலை. அதனால்தான் நம்ம நடுகல்லில் முகம் ஒரு வட்டம், கண் ரெண்டு குழி. அழகு குறைச்சல்தான், ஒத்துக்கறேன். மாயா சிற்பத்தோட பக்கத்துல வச்சா நம்மது பள்ளிக்கூடப் பையன் வரைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அங்கே செதுக்கப்பட்டவன் ராஜா. இங்கே செதுக்கப்பட்டவன் மாட்டுக்காரன். மாட்டுக்காரனுக்குக் கல் வச்ச நாடுகள் உலகத்தில் எத்தனை இருக்கும்னு எண்ணிப் பாருங்க.

மாயா கதையில் நமக்குத் தேவையான ஒரு துண்டு இருக்கிறது. குவாத்தமாலாவில் பியெத்ராஸ் நெக்ராஸ் என்று ஒரு பாழடைந்த நகரம். அங்கே ஆளுயரத்துக்கும் மேலான கற்பலகைகள், அதில் உருவம், சுற்றி எழுத்து. எழுத்தில் தேதி மட்டும் படிக்கத் தெரிந்தது. பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம் இது சாமி, பூசாரி, காலக் கணக்கு என்றே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தத்தியானா ப்ரொஸ்கூரியாகாஃப் என்ற பெண்மணி, ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், படித்தது கட்டடக் கலை, படம் வரைகிற வேலைக்குத்தான் அங்கே போனவர். அவர் அந்தத் தேதிகளை அடுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தொகுதிக் கல்லிலும் உள்ள தேதிகளுக்கு இடையே இருக்கிற காலம் ஒரு மனுஷ ஆயுசுக்கு மேல் போகவில்லை. அப்போ இது பிறந்த நாள், இது பட்டமேறிய நாள் என்று 1960-ல் எழுதினார். நீள அங்கி போட்ட பூசாரிகள் என்று நினைத்திருந்தவர்களில் பலர் பெண்கள், ராணிகள் என்பதும் தெரிந்தது. சாமி என்று நினைத்தது மனுஷன் என்று ஆனது.

நம்ம ஊரில் அதே கதை தலைகீழா நடந்திருக்கு. செத்தது மனுஷன். அவனுக்குக் கல் நட்டாங்க, பொங்கல் வச்சாங்க, கெடா வெட்டினாங்க. பேர் மறந்துபோச்சு. பட்டவன், வேட்டைக்காரன், ஐயா, பெரியசாமி என்று பொதுப் பேர் வந்தது. மனுஷன் சாமியாயிட்டான்.

*

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. எங்க குலசாமியே அப்படித்தான்.

எங்க கோயில் கோயில்னு சொல்ற அளவுக்கு இல்லை. மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மேடை, ஒரு வேப்பமரம், ஒரு கல். இடுப்பு உயரம்தான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை மாசிப் பச்சைக்கு எல்லாரும் கூடுவோம். எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, பட்டுத் துண்டு கட்டி, மேலே வெள்ளிக் கண்மலர் வைத்து விடுவார்கள். சின்ன வயசில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ரெண்டு வெள்ளிக் கண்ணும் கருப்பா ஒரு உருவமும்தான். "ஐயா"ன்னுதான் கும்பிடுவோம். வேற பேர் கிடையாது.

சில வருஷம் முந்தி பங்காளிகள் கூடிக் கோயிலைப் புதுசாக் கட்டுறதுன்னு முடிவாச்சு. வரி போட்டாச்சு. ஸ்தபதியிடம் புதுச் சிலைக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. முறுக்கு மீசை, கையில் அரிவாள், உருட்டி முழிக்கிற கண். பழைய கல்லை என்ன பண்றதுங்கற பேச்சு வந்தப்போ ஆத்துல விட்டுறலாம்னு ஒரு கட்சி. அதுதான் முறையாம். நான் வேண்டாம்னு சொன்னேன். என் சித்தப்பா ஒருத்தர் நல்லவர், கோயில் வேலைக்காக லீவு போட்டு ஓடினவர், அவர்தான் கேட்டார்:

"மூஞ்சி தெரியாத சாமிய எத்தன நாளைக்குடா கும்புடுறது? ஒம் புள்ளைக்கு எதைக் காட்டி இதான் நம்ம சாமின்னு சொல்லுவ?"

எனக்குப் பட்டுன்னு பதில் வரலை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அன்னிக்கு ராத்திரி அங்கேதான் தங்கல். கரண்டு இன்னும் இழுக்கலை. மறுநாள் பாலாலயத்துக்காகக் கல்லைச் சுத்தமாகக் கழுவி, துணி, கண்மலர் எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். டார்ச் லைட்டைக் கல்லுக்கு நேரே அடிச்சா ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டில், கல்லோட விளிம்புல வச்சு, கன்னத்தைத் தடவுற மாதிரி சாய்ச்சு அடிக்கணும். அப்போ ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும், தேய்ஞ்சுபோன கோடுகூட எந்திரிச்சு நிற்கும். கல்வெட்டு பார்க்கிறவர்கள் காலையிலும் சாயங்காலமும் போவது இதுக்காகத்தான். அப்படி அடிச்சேன். ஒரு ஆள், ஒரு கால் முன்னே. கையில் குத்தீட்டி. எதிரே வால் முறுக்கின மிருகம், வாய் திறந்து. இடப் பக்கம் ஒரு பெண், கொண்டை சரிஞ்சு இருக்கு. இதுவரை சரி. கீழே, மேடையில் பாதி புதைஞ்ச இடத்தில், இன்னொரு சின்ன உருவம். குனிஞ்சு பார்த்தால் நாய். காது விடைச்சு, புலியோட பின்னங்காலைப் பார்த்து எம்பிக்கிட்டு நிக்குது.

சித்தப்பாவை எழுப்பினேன். திட்டிக்கிட்டே வந்தவர், டார்ச்சை என் கையிலேருந்து வாங்கி ரொம்ப நேரம் அடிச்சுப் பாத்தார். "அட, ஆமாடா, நாயி"ன்னார். அப்புறம், "எங்கய்யா இதச் சொன்னதே இல்லையேடா"ன்னார். அவருக்கும் தெரியாது, அவங்க அய்யாவுக்கும் தெரியாது. மூணு நாலு தலைமுறையா எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில அந்த நாய் இருந்திருக்கு.

அதனால் எல்லாரும் மனம் மாறிக் கல்லை மூலஸ்தானத்தில் வைத்தார்கள்னு நினைச்சா அது சினிமா. புதுச் சிலை வந்தது, கும்பாபிஷேகமும் நடந்தது. ஆனா பழைய கல் ஆத்துக்குப் போகலை. அதுக்குக் காரணம் நானும் இல்லை, நாயும் இல்லை, எங்க அப்பத்தா. "நான் எம் மகனுக்கு நேந்துக்கிட்டது இந்தக் கல்லுக்கு. புதுசு யாருன்னே எனக்குத் தெரியாது. இத எடுத்தீகன்னா நான் இங்க வரமாட்டேன்"னு உட்காந்துருச்சு. அதோட பேச்சு முடிஞ்சது. கல் இப்போ வேப்பமரத்தடியில், தனி மேடையில், மண்ணுக்கு மேலே முழுசாத் தெரியுற மாதிரி நிக்குது. அந்த ஒண்ணை மட்டும் சித்தப்பா தானே முன்னால நின்னு செஞ்சார். நாய் வெளிய தெரியணும்னு கொத்தனாரிடம் மூணு தடவை சொன்னார்.

புது மண்டபத்துச் சுவரில் பளிங்குக் கல் பதிச்சிருக்கு. நன்கொடை கொடுத்தவர்கள் பேர் எல்லாம் தொகையோடு, ஊரோடு, படிப்போடு. டியூப்லைட்டில் உபயம் பேர் எழுதி, அந்தப் பேர் மறைக்கிறதால பாதி வெளிச்சம்தான் வருது :-) என் பேரும் அதில் இருக்கு, பத்தாவது வரியில். பேர் எழுதுற ஆசை தீயன் அந்தவன் காலத்திலேருந்து நம்மை விடலை. அவன் செத்ததுக்கப்புறம் ஊர்க்காரன் எழுதினான், நாம உயிரோட இருக்கும்போதே நாமளே எழுதிக்கிறோம்.

*

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது ஏதோ ஓர் ஊரில் பேர் இல்லாத கல் ஒண்ணு குலசாமியாக இருக்கும். கோயில் வேலை நடக்கும்போதுதான் பழைய கல்லுக்குக் கண்டம். மணலை வேகமாப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் பண்ணுறோம்னு சிலர் வருவாங்க. ஒரு விரல் கனம்தான் புடைப்பே இருக்கு, அதை அவன் அரை விரல் ஆக்கிடுவான். பெயிண்ட் அடிக்க விடாதீங்க. எழுத்து இருந்தா சாக்பீஸால் எழுத்து மேல எழுதி போட்டோ எடுக்காதீங்க, நீங்க எழுதுறது நீங்க நினைக்கிற எழுத்தா இருக்கும், அங்கே இருக்கிற எழுத்தா இருக்காது. டார்ச் போதும். துணி எல்லாம் எடுத்த நாளில், ராத்திரியில், பக்கவாட்டில்.

தொல்லியல் துறைக்குச் சொன்னால் கல்லைத் தூக்கிட்டுப் போயிருவாங்க என்ற பயம் எங்க பங்காளிகளிடமும் இருந்தது. கும்பிடுகிற கல்லை அப்படி யாரும் வந்து தூக்கிட்டுப் போய் நான் பார்த்ததில்லை. பதிவு பண்ணி, அளந்து, படம் எடுத்து வைத்தால், நாளைக்குக் களவு போனால்கூட இதுதான் எங்க கல்லுன்னு காட்ட ஓர் ஆதாரம் இருக்கும்.

உத்தமபாளையம் போகிறவர்கள் நட்ட நடு வெயிலில் போகாதீங்க, பாறை மொத்தமும் ஒரே வெள்ளையாத்தான் தெரியும். வெயில் சாயட்டும். அப்புறம் புலிகுத்திக்காரங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, உங்க ஊர்ல புலி குத்தினவன் கல்லு எங்க இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பக்கத்துல நாய் இருக்கான்னும் பாத்துச் சொல்லுங்க.